ஒற்றை ஆள் கூடாரம்

கடைக்காரர் கேள்வி கேட்டது மொராக்கிடம் அல்ல, அவளுடைய அண்ணன் ஆலிஸ்டரிடம்.

"அவங்களால எத்தனை கிலோ வரைக்கும் தூக்க முடியும்?"

அவள் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள். காது நன்றாகவே கேட்கும். நாற்பத்து நான்கு வயது, அதில் இருபத்தைந்து வருடம் மலையில் ஆடு வேட்டையாடியவள். அவளுக்கு வாங்கப்போகும் கூடாரத்துக்கு அவளுடைய எடை, உயரம், பலம் எல்லாவற்றையும் இன்னொருவன் வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். இதற்காகத்தான் முகாம் இருக்கும் ஃபேர்லியிலிருந்து டிமாரு நகரம் வரை ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாளா?

"என்கிட்ட கேளுங்க. தூக்கப் போறதும் நான்தான், உள்ள படுக்கப் போறதும் நான்தான்," என்றாள்.

ஆலிஸ்டர் சிரித்தான். "கண்டுக்காதீங்க. இன்னைக்குக் காலையில இருந்தே இவளுக்கு மூக்கு மேல கோபம்."

காலையிலிருந்து அல்ல, பன்னிரண்டு வருடமாக. ஆலிஸ்டர் வெளிநாட்டுக்காரர்களை அழைத்துப்போய்த் தார் ஆடு வேட்டை காட்டுகிறவன். தார் என்றால் நம் வரையாட்டுக்குப் பனிநாட்டுச் சொந்தம். ஆண் தாருக்குக் குளிர்காலத்தில் தோளெல்லாம் பிடரி மயிர் வளர்ந்து தொங்கும், அதற்காகத்தான் ஊர்விட்டு ஊர் வருகிறார்கள். அண்ணன் நடத்தும் அந்த முகாமில் சமைப்பது, பை கட்டுவது, அவர்கள் சுவரில் மாட்ட வெட்டிய தலையைத் தோலுரித்து உப்பிடுவது எல்லாம் மொராக். ஆளை மலைமேல் கூட்டிப்போவது மட்டும் கைடுகள். மூன்று கைடுகள், மூவரும் ஆண்கள். இந்த வருடம் அவள் நேராகவே கேட்டுவிட்டாள், எனக்கும் ஒரு குழுவைக் கொடு என்று.

ஆலிஸ்டர் தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தான். "அஞ்சு ராத்திரி. மேல, மரம் முடியுற இடத்துக்கும் மேல, ஜூன் மாசக் குளிர்ல, தனியா. உதவின்னு கூப்பிடக் கூடாது. முழுசா இறங்கி வந்தா உனக்கு ஒரு குழு. எல்லாக் கைடும் செஞ்சதுதான் இது. நம்ம கைடு டூகல்கூட இங்க வர்றதுக்கு முன்னாடியே பழைய முதலாளிகிட்ட முடிச்சுட்டான்."

"சரி," என்றாள் அவள், அவன் மூச்சு விடுவதற்குள். அவன் முகம் ஒரு மாதிரி போயிற்று. அதை அப்போது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்காகத்தான் இந்தக் கடையும் கூடாரமும். கடைக்காரர் முதலில் கொண்டுவந்தது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மூட்டை. அறுநூற்று எண்பது கிராம். கம்பே கிடையாது, நடக்கிற ஊன்றுகோலை நடுவில் நிறுத்தினால் போதும், துணி தானாக விரிந்து நிற்கும். ஆலிஸ்டர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துச் சொக்கிப்போனான். அவனும் அவன் கூட்டமும் எடைப் பைத்தியங்கள். முகாம் வாசலில் தொங்கும் தராசில் ஒவ்வொருவன் பையையும் எல்லார் முன்னாலும் நிறுத்துப் பார்ப்பார்கள். பல் துலக்கும் பிரஷின் காம்பைப் பாதியாக அறுப்பார்கள். தேயிலைப் பையில் இருக்கும் நூலைக்கூட டூகல் கத்தரித்து எறிவான்.

"இதை எடுத்துக்கோ. காத்து மாதிரி இருக்கு," என்றான் ஆலிஸ்டர்.

"காலையில ஆட்டைத் தேடிக் கிளம்புறப்போ ஊன்றுகோல் என் கையில இருக்கும். கூடாரம் எதுல நிக்கும், உன் நல்ல பேர்லயா?"

"மடிச்சு வச்சுட்டுப் போ."

"பனி கொட்டிட்டு இருக்கும், நான் நனைஞ்சு வருவேன், வந்து முதல்ல கூடாரம் கட்டணுமா? துப்பாக்கியைத் தாங்க வைக்கிறதும் அதே கோல்தான். ஒரே கோலை எத்தனை வேலைக்குக் கட்டி அழுறது?"

கடைக்காரர் அடுத்ததைக் கொண்டுவந்தார். இரண்டரைக் கிலோ, நான்கு கம்பு, பீரங்கி வைத்தாலும் அசையாது என்றார். அதைத் தூக்கிக்கொண்டு ஏறினால் மேலே போய்ச் சேரும்போது வேட்டையாட ஆள் இருக்க மாட்டாள், படுத்துக்கொள்ள மட்டும்தான் இருப்பாள். வேண்டாம் என்றாள்.

மூன்றாவதை அவளே அலமாரியின் அடித்தட்டிலிருந்து இழுத்தாள். ஒரு கிலோ நானூறு. இரண்டு கம்பு குறுக்காக வளைந்து போகும். உள்ளே நிமிர்ந்து உட்கார முடியாத அளவுக்குத் தாழ்வு. வெளித்துணி தரையைத் தொடும். உள்சுவர் வலை இல்லை, துணி. வலையாக இருந்தால் காற்று தூள்பனியை அள்ளிவந்து முகத்தில் கொட்டும். சுற்றிலும் எட்டு இழுகயிறு. கடைக்குள்ளேயே அதை விரித்து, பூட்ஸோடு உள்ளே புகுந்து படுத்து, ஒவ்வொரு தையலையும் பல்லால் கடிக்காத குறையாக இழுத்துப் பார்த்தாள். வெளியே அவளுடைய கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்கள் சுற்றிப் போனார்கள்.

"இதுதான்," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"முதல்ல காட்டினது ரெண்டு சேர்ந்த கனம் இது ஒண்ணு," என்று ஆலிஸ்டர் முணுமுணுத்தான். "கிழவிங்க வாங்குற கூடாரம்."

"அப்ப கிழவிங்களுக்கு அறிவு இருக்குன்னு அர்த்தம்."

முகாமில் தராசில் பை ஏறியபோது இன்னொரு சண்டை. கூடாரக் கயிறுகளைத் தரையில் இறுக்க அவள் எடுத்து வைத்திருந்த முளைகள் எட்டு, எட்டும் சேர்ந்து நூறு கிராம்கூட இல்லை. ஆலிஸ்டர் ஒன்றை எடுத்து விரலில் உருட்டினான். "இது முளையா, பல்லுகுத்துற குச்சியா? வடமேற்குக் காத்துக்கு இதெல்லாம் காணாது. என்னோட இரும்பு முளை தர்றேன், எடுத்துட்டுப் போ."

"அது ஒவ்வொண்ணும் என் கட்டை விரல் கனம். வேணாம். மேல மண்ணே கிடையாது ஆலி, வெறும் பாறையும் சரளையும். எந்த முளையும் பாதிதான் இறங்கும். பத்தாததுக்குக் கல்லு இருக்கு."

ஆலிஸ்டர் பேசாமல் இருந்துவிட்டான். வாய் மூடுகிற ஜாதி அல்ல அவன். அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். எடைப் பைத்தியங்களின் விளையாட்டும் எடையில்தான் இருக்கும். மேலே கிளம்புகிறவன் பையின் அடியில் அவனுக்குத் தெரியாமல் ஒரு ஆற்றுக்கல்லைத் திணித்துவிடுவது அந்த முகாமின் வழக்கம். உச்சிவரை சுமந்துபோய்க் கண்டுபிடித்தால் திரும்பி வந்து எல்லாருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும். வழியிலேயே கண்டுபிடித்து எறிந்துவிட்டால் ஜெயித்தது நீ. போன வருடம் டூகல் பையில் வைத்தது ஒரு சாண் நீளக் கல், காலுறைக்குள் சுருட்டி வைத்தது. அவன் அதைக் கணவாய் வரைக்கும் சுமந்தான்.

ஆலிஸ்டர் அவளை விடிந்ததும் பள்ளத்தாக்குச் சாலை முடிகிற இடத்தில் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். முதல் ஆறு கடக்கும் இடத்தில் மொராக் பையை இறக்கினாள். கல் இருக்கும் என்பது அவளுக்கு நிச்சயம். கையுறையைக் கழற்றாமலே அடிவரைக்கும் கையை விட்டாள். இருந்தது. தடித்த கம்பளிக் காலுறை, மேலே டேப் சுற்றல், நீளமாக, இரும்பு மாதிரிக் கனம். "நாய்ப் பயலே," என்று சந்தோஷமாகச் சொல்லி, ஆற்றின் நடுமடுவைப் பார்த்து வீசி எறிந்தாள். சளக்கென்று ஒரு சத்தம். ஆலிஸ்டர் போன திசையைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கி வசவுச் சைகை காட்டினாள். பை லேசாகிவிட்டது, மனமும்.

ஆறு மணி நேர ஏற்றம். மரம் முடிந்தது, புதர் முடிந்தது, மஞ்சள் புல்லும் முடிந்தது. மூன்று பக்கமும் பாறை சூழ்ந்த கிண்ணம் போன்ற இடத்தில், ஒரு பெரிய பாறையின் ஓரமாகக் கூடாரத்தை விரித்தாள். கம்பு இரண்டையும் கோத்தாள். முளைப் பையை எடுக்கக் கூடார மூட்டைக்குள் கை விட்டாள்.

முளைப் பை இல்லை.

மூட்டையை உதறினாள். முதுகுப் பையைக் கவிழ்த்தாள். படுக்கை, அடுப்பு, பருப்பும் திராட்சையும் கலந்த தின்பண்டப் பை, தோட்டா, கத்தி எல்லாம் சரளையில் உருண்டன. முளை இல்லை. நேற்று மாலை எட்டையும் எண்ணித் தன் கையாலேயே உள்ளே வைத்தது நன்றாக நினைவிருந்தது. தன்மேலேயே சந்தேகம் வந்தது. வயதாகிவிட்டதா, மறந்துவிட்டேனா, அவன் சொன்னது சரிதானா? அந்த நிமிடம் அவள் அடைந்த அவமானத்தை எழுத எனக்கே கை கூசுகிறது.

அப்போது இடுப்பிலிருந்த செயற்கைக்கோள் கருவி கீச்சென்றது. தினமும் மாலை ஒரு செய்தி அனுப்பிக்கொள்ளலாம், அது ஏற்பாடு. ஆலிஸ்டரிடமிருந்து வந்திருந்தது:

"நாளைக்கு மதியம் வடமேற்குக் காத்து, நூத்திருபது கிலோமீட்டர். கவலைப்படாதே. உன் பல்குச்சியை எடுத்துட்டு என் இரும்பு முளை பத்து வச்சிருக்கேன். பைக்கு அடியில, காலுறைக்குள்ள. நன்றி அப்புறம் சொல்லு."

மொராக் அதை மூன்று முறை படித்தாள். பிறகு அந்தக் கிண்ணப் பள்ளத்தாக்கு இதுவரை கேட்டிராத வசவுகளைக் கேட்டது. ஆலிஸ்டரைத் திட்டினாள், அவன் தாடியைத் திட்டினாள், அவன் தராசைத் திட்டினாள். என் பைக்குள் கையை விட உனக்கு யார் உரிமை கொடுத்தது? நான் எண்ணி வைத்ததை எடுத்துவிட்டு, நான் வேண்டாம் என்று சொன்னதை வைத்துவிட்டு, அதற்கு நன்றி வேறு! திட்டி முடிந்ததும் ஆற்றில் விழுந்த சளக் சத்தம் காதில் கேட்டது. பிரித்துப் பார்க்காமல் எறிந்தது யார்? அதற்குத் தன்னையும் நான்கு வார்த்தை திட்டிக்கொண்டாள். தன் தப்பு என்று தெரிந்த பிறகு கோபம் குறையும் என்பார்கள். அவளுக்கு இரட்டிப்பானது.

இறங்கிவிடலாம். மரங்கள் வரை இறங்க வெளிச்சம் இன்னும் இருந்தது, இறங்கினால் பிழைப்பது நிச்சயம். இறங்கினால் குழு இல்லை என்பதும் நிச்சயம். இன்னும் பன்னிரண்டு வருடம் அடுப்படியும் உப்பும்தான். ஆலிஸ்டருக்கு அவள் அனுப்பிய பதிலில் இருந்தது ஒரே சொல்: "சரி."

பிறகு கல் பொறுக்கப் போனாள்.

கல்லில் கயிற்றைக் கட்டினால் மட்டும் நிற்காது, காற்று கல்லையே இழுத்துக்கொண்டு போகும். இழுகயிற்றின் நுனியை ஒரு சின்னக் கல்லில் சுற்ற வேண்டும். அதற்கு முன்னால், கூடாரத்தின் பக்கம், தூக்க முடிகிறதிலேயே பெரிய கல்லைக் கயிற்றின் மேல் வைக்க வேண்டும். காற்று இழுக்க இழுக்கச் சின்னது பெரியதன் அடியில் போய் மாட்டிக்கொள்ளும். எட்டுக் கயிறு, நான்கு மூலை, பன்னிரண்டு பெரிய கல். மூலை வளையங்களுக்குக் கயிறு போதவில்லை. பூட்ஸின் மாற்று நாடாவை அறுத்துக் கட்டினாள். கையுறை கிழிந்தது, பிறகு விரல் கிழிந்தது. கல் ஒவ்வொன்றுக்கும் அண்ணனின் பெயரைச் சொல்லித்தான் தூக்கினாள். கோபத்துக்கும் ஒரு உபயோகம் உண்டென்றால் அது இதுதான், முதுகு வலி தெரியாது.

மறுநாள் காலை முழுக்க வேட்டையை மறந்துவிட்டு, காற்று வரும் பக்கமாக முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் சுவர் அடுக்கினாள். கூடாரத்தின் கால்மாட்டைக் காற்றுக்கு நேராகத் திருப்பி மறுபடி கட்டினாள். ஒரு கியா கிளி வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. பச்சை நிறம், வளைந்த மூக்கு, எதைக் கண்டாலும் கிழித்துப் பார்க்கும் கெட்ட புத்தி. இழுகயிற்றைக் கொத்த வந்ததும் அவள் எறிந்த கல்லுக்குத் தப்பி பாறைமேல் போய் உட்கார்ந்து கத்தியது.

"நீயுமா? உனக்கும் என் கூடாரத்துலதான் கை வைக்கணுமா?" என்றாள்.

மதியம் ஒரு மணிக்குக் காற்று வந்தது. முதலில் மேலே முகட்டில் ரயில் போகிற மாதிரி ஒரு இரைச்சல். பிறகு கிண்ணத்துக்குள் இறங்கியது. கூடாரம் ஒரே அடியில் படுத்து, துணி அவள் முகத்தில் அறைந்தது, பிறகு கம்பு நிமிர்ந்தது. மறுபடி அடி, மறுபடி நிமிர்வு. தாழ்வான கூடாரம் வேண்டும் என்று அவள் அடம்பிடித்தது இதற்காகத்தான். நிமிர்ந்து உட்கார இடமுள்ள கூடாரமாக இருந்தால் முதல் அடியிலேயே அடுத்த மாவட்டத்துக்குப் போயிருக்கும். காற்றுப் பக்கத்துக் கம்பில் முதுகைக் கொடுத்துக் குனிந்து உட்கார்ந்துகொண்டாள். ஒரு பக்கத்துக் கயிற்று வளையம் தையலோடு பிய்ந்தது. கூடாரத்தை விட்டு ஊர்ந்து வெளியே போய், படுத்தபடியே, பக்கத்து வளையத்தில் அந்தக் கயிற்றைப் போட்டுக் கட்டிவிட்டு ஊர்ந்தே திரும்பினாள். பயமாகத்தான் இருந்தது. வாய்விட்டு அழுதாள், அழுதுகொண்டே கம்பைப் பிடித்துக்கொண்டாள். ஏழு மணி நேரம். பன்னிரண்டு கல்லில் ஒன்றுகூட நகரவில்லை.

மீதி நாட்களில் தெற்குக் குளிரும் பனியும் வந்தன, அவை அவளுக்குப் பழகியவை. நான்காம் நாள் ஒரு கிழட்டு ஆண் தாரைப் பார்த்தாள். கொம்பு அடி தடித்து, பிடரி காற்றில் அலைய, நூற்றெண்பது மீட்டரில் நின்றது. சுட்டிருந்தால் கீழே ஆள் இறங்க முடியாத பிளவுக்குள் விழுந்திருக்கும். எடுக்க முடியாததைச் சுடுகிறவளா அவள்? அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அது போன பிறகு துப்பாக்கியை உறையில் போட்டாள்.

ஆறாம் நாள் மதியம் சாலை முடிவுக்கு இறங்கி வந்தபோது ஆலிஸ்டரும் டூகலும் வண்டியோடு நின்றார்கள். டூகலுக்கு இருபத்தாறு வயது, நல்ல பையன், இறைச்சி அடைத்த சூடான பேஸ்ட்ரி ஒன்றைக் காகிதத்தோடு நீட்டினான். ஆலிஸ்டர் ஓடிவந்து கட்டிப்பிடித்தான்.

"பார்த்தியா! என் இரும்பு முளை உன்னைக் காப்பாத்திடுச்சு. காத்து ஆரம்பிச்சதும் டூகல்கிட்ட சொன்னேன், கவலையே படாதே, நான் வச்சுட்டுத்தான் வந்திருக்கேன்னு. கேளு அவனை."

"பத்துத் தடவை சொன்னாரு," என்றான் டூகல்.

மொராக் முதுகுப் பையை இறக்கினாள். கூடார மூட்டையை எடுத்து வண்டியின் முன்மூடிமேல் கொட்டினாள். துணி, இரண்டு கம்பு, அறுந்த நாடா. "தேடு," என்றாள்.

ஆலிஸ்டர் துணியைப் புரட்டினான். "எங்க?"

"ஆத்துல. முதல் தடவை கடக்குறப்பவே எறிஞ்சுட்டேன். நீ வைக்கிற கல்லுன்னு நினைச்சு."

அவன் முகம் சிவந்தது. "பிரிச்சுப் பார்க்காமலா? மேல ஏறுற ஆளு, பையில இருக்குறது என்னன்னு பார்க்காம எறியுறதா? கைடு பண்ற வேலையா அது?"

"இல்ல. அது என் தப்பு, முழுக்க என் தப்பு. எங்க வேணும்னாலும் சொல்லு, நானே ஒத்துக்குறேன். இப்ப உன்னோடதைச் சொல்லு. நான் எண்ணி வச்சதை என்னைக் கேக்காம எடுத்தது யாரு?"

"உன் நல்லதுக்குத்தானே..."

"டூகல் பையில கையை விட்டு அவன் முளையை எடுத்திருப்பியா?"

டூகல் சிரித்தான், பாவம், நிலைமை புரியாமல். "என் பையில கல்லு மட்டும்தான் வைப்பாரு."

மொராக் அவன் பக்கம் திரும்பினாள். எதையும் துருவிக் கேட்கும் எண்ணம் இல்லை. ஐந்து நாள் பட்ட பாட்டைப் பட்டவனோடு பேச வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். "உன் அஞ்சு ராத்திரி எப்படிப் போச்சு டூகல்? எந்த மலையில போட்ட?"

"எந்த அஞ்சு ராத்திரி?"

"கைடு ஆகுறதுக்கு முன்னாடி. தனியா."

"தனியாவா?" டூகல் ஆலிஸ்டரைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "நான் தனியா ஒரு ராத்திரிகூடப் போட்டதில்லையே. இவரு ஃபோன்ல பேசினாரு, திங்கக்கிழமை வான்னாரு. வந்துட்டேன். மத்த ரெண்டு பேருக்கும் அப்படித்தான்."

மொராக்கின் கையிலிருந்த பேஸ்ட்ரியிலிருந்து குழம்பு விரல்வெட்டில் வழிந்து எரிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"ஏன் ஆலி?"

ஆலிஸ்டர் தரையைப் பார்த்தான். அவனை எனக்குத் தெரியும். பொய் சொல்ல முடிந்திருந்தால் சொல்லியிருப்பான்.

"அஞ்சு ராத்திரின்னா நீ மாட்டேன்னு சொல்லிடுவேன்னு நினைச்சேன்," என்றான்.

திட்டுவதற்கு வாய் வரவில்லை. இருந்த வசவையெல்லாம் மேலேயே செலவழித்துவிட்டாள். கூடாரத்தை நிதானமாக மடித்தாள், மூட்டையில் திணித்தாள், நாடாவை இறுக்கினாள்.

"அடுத்த வாரம் யாருக்கு ஆளுங்க வர்றாங்க?"

"டூகலுக்கு. ரெண்டு ஆஸ்திரேலியாக்காரங்க. உனக்கு ஜூலையில ஒரு குழு தர்றேன் மொராக், சத்தியமா, பெரிய குழுவா..."

"ஜூலை வேணாம். ஆஸ்திரேலியாக்காரங்களை நான் கூட்டிட்டுப் போறேன். டூகல் அதே வாரம் மேல போய் அஞ்சு ராத்திரி போட்டுட்டு வரட்டும். தனியா. அவனுக்குப் பின்னாடி மத்த ரெண்டு பேரும். முழுசா இறங்கி வந்தா கைடா இருக்கட்டும்."

ஆலிஸ்டர் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "அவங்க வேலையை விட்டுட்டுப் போயிடுவாங்க."

"போகட்டும். நான் இருக்கேன்ல."

டூகலின் பார்வை அவள் தோளில் தொங்கிய மூட்டைமேல் இருந்தது. "மொராக்... அந்தக் கூடாரத்தைக் கொஞ்சம் கடன் தருவியா?"

"கடைக்குப் போ," என்றாள் மொராக். "உன்னால எத்தனை கிலோ தூக்க முடியும்னு ஆலிகிட்ட கேட்டுச் சொல்லுவாங்க."

வண்டிச் சாவியை அண்ணன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். இருவரும் பின்னால் ஏறிக்கொள்ளும்வரை காத்திருந்தாள்.